பழைய காருக்குப் புது டயர்: பணத்தை வீணாக்காமல் வாங்கும் வழி

2023 மே மாதம், மதுரையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தோம். துவரங்குறிச்சியைத் தாண்டியதும் பின்பக்க இடது டயர் வெடித்தது. மதியம் இரண்டு மணி, பின் சீட்டில் அம்மா. வேகம் 80-க்குள் இருந்ததால் வண்டி ஒரு பக்கமாக இழுத்ததோடு போயிற்று. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு விராலிமலை வரை மெதுவாக வந்து ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன்.

பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேல்பரப்பு ரப்பர்க் கட்டிகள், பாதிக்கு மேல் இருக்கிறதே, அப்புறம் எப்படி வெடித்தது என்று எனக்குப் புரியவே இல்லை. கடைக்காரர் ஈரத்துணியால் டயரின் பக்கச் சுவரைத் துடைத்தார். அழுக்குப் போனதும் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் தெரிந்தன: 3513. "2013-ல செஞ்ச டயர் அண்ணே. பட்டன் இருந்து என்ன பண்றது, ரப்பர் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு நகத்தால் ஒரு இடத்தில் அழுத்திக் காட்டினார். காய்ந்த வயலில் வெடிப்பு விட்டது மாதிரி, மெல்லிய கோடு கோடாக விரிசல். 2012 மாடல் ஸ்விஃப்ட், இரண்டாவது ஓனராக நான் வாங்கியது 2021-ல். வாங்கும்போது இன்ஜின், கியர், ஆர்.சி., இன்சூரன்ஸ் என்று எல்லாம் பார்த்த நான் டயரில் பட்டனை மட்டும்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து என் காருக்கும், தங்கையின் ஆல்டோவுக்கும், பக்கத்து வீட்டு சான்ட்ரோவுக்கும் டயர் வாங்கக் கூடவே போயிருக்கிறேன். பழைய காருக்கு அதிகம் செலவு செய்ய யாருக்கும் மனசு வராது, அது நியாயம்தான். ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய இடம் ஒன்று, நாம் குறைக்கிற இடம் இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. பிராண்டில் குறைக்கலாம், மாடலில் குறைக்கலாம். டயரின் வயதிலும் அளவிலும் மாட்டும் வேலையிலும் மட்டும் குறைக்கவே கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பட்டனுக்கு நடுவே ஓடும் பள்ளங்களில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயரின் ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும், அதற்கு நேராகப் பார்த்தால் மேடு அகப்படும். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, சட்டப்படியும் அதுதான் எல்லை. புது டயரில் இந்த ஆழம் 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

ஆனால் 1.6 வரை காத்திருப்பது நம் ஊர் மழைக்கு ஒத்துவராது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே ஈர ரோட்டில் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பள்ளத்தின் வேலையே தண்ணீரை வெளியே தள்ளுவதுதான், பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் தங்கி வண்டி மிதக்க ஆரம்பிக்கும். அப்போது ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக் மிதித்தால் நிற்காது. அதனால் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் டயரைப் பார்த்துவிடுங்கள். செப்டம்பரில் மாற்றினால் நிதானமாக நாலு கடை ஏறி இறங்கி வாங்கலாம். மழையில் ஒருமுறை சறுக்கிய பிறகு ஓடினால் முதல் கடையில் கிடைத்ததைத்தான் வாங்குவோம்.

அடுத்து வயது. நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 3513 என்றால் 2013-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி. இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், வெளிப்பக்கம் காணவில்லை என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். குறைவாக ஓடும் கார்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அப்பா கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் எடுக்கிற வண்டி, மாதம் 200 கிலோமீட்டர்கூட ஓடாது. பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், ரப்பர் வெயிலில் நின்று நின்று காய்ந்திருக்கும்.

பக்கச் சுவரில் கொப்புளம் மாதிரி வீக்கம் தெரிந்தால் வயது, பட்டன் எதையும் பார்க்காதீர்கள். பள்ளத்தில் இறங்கியபோது உள்ளே இழை அறுந்திருக்கிறது. அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகவே வேண்டாம்.

பழைய டயரைத் தூக்கிப்போடும் முன் அதைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பழைய காருக்கு இதுதான் ரொம்ப முக்கியம். டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் இருந்தால் காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறோம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. இது நம் கண்ணில் படாது, ஏனென்றால் பெரும்பாலும் உள் ஓரம்தான் தேயும், நமக்குத் தெரிவது வெளி ஓரம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, குனிந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கமாகத் தடவும்போது ரம்பம் மாதிரி குத்துவதாகவும் இருந்தால் அதுவும் அலைன்மென்ட் கோளாறுதான். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள்.

பத்து வருடம் ஓடிய வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் என்று முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டுதான் இருக்கும். இவை ஆடும்போது அலைன்மென்ட் செய்வதில் பயனில்லை, மெஷினில் சரியாகக் காட்டும், ரோட்டில் இறங்கியதும் மாறிவிடும். சான்ட்ரோவுக்கு இதுதான் நடந்தது. முன் டயர் இரண்டையும் மாற்றி ஆறு மாதத்துக்குள் உள் ஓரம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. ஒரு டயர் விலையைவிடக் குறைந்த செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டு டயரைத் தின்றுவிட்டது. அதனால் டயர் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் போய், வண்டியை ஜாக்கியில் தூக்கி முன் சக்கரத்தை மேலும் கீழும், அப்புறம் இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

அளவைப் படிப்பது

என் காரில் 165/80 R14 85T என்று இருக்கிறது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு, 165-இல் 80 சதவீதம் என்றால் 132 மில்லிமீட்டர். R என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். பலர் இதை ரிம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 14 தான் ரிம், அதாவது நம் மெக்கானிக்குகள் டிஸ்க் என்று சொல்வது, அதன் விட்டம் அங்குலத்தில். 85 என்பது ஒரு டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு, அதற்கு 515 கிலோ. T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்.

உங்கள் காருக்கு எது சரியான அளவு என்பதை இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முந்தைய ஓனர் வேறு ஏதாவது போட்டிருக்கலாம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவும் காற்று அழுத்தமும் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் காரோடு வந்த ஓனர் புத்தகத்தைப் பாருங்கள். ஆல்டோ 800-க்கு 145/80 R12, சான்ட்ரோ ஜிங்குக்கு 155/70 R13. ஒரே காரிலேயே மாடலுக்கு மாடல் மாறும், ஸ்விஃப்டில் வி.எக்ஸ்.ஐ.க்கு 14 அங்குலம், அதே வருட இசட்.எக்ஸ்.ஐ.க்கு 15 அங்குலம்.

சுமைக் குறியீடும் வேக எழுத்தும் ஸ்டிக்கரில் இருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

கொஞ்சம் பெரிய டயர் போடலாமா?

கடையில் இதை நிச்சயம் கேட்பார்கள். "சார், 185 போட்டுக்கங்க, வண்டி நல்லா உட்காரும்." போடலாம், கணக்கு ஒத்துவந்தால் மட்டும். டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது, மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், கியருக்கும் இழுவைக்கும் உள்ள பொருத்தம் கெடும். கணக்கு சுலபம்தான். 165/80 R14-க்குப் பக்கச் சுவர் 132, மேலும் கீழுமாக 264. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6. மொத்தம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/70 R14-க்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 615 வரும். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, பொருந்தும். 185/65 R14 என்று கொடுத்தால் 596, கிட்டத்தட்ட நான்கு சதவீதம் குறைவு. வண்டி தாழ்ந்து ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கும், மீட்டரும் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். மூன்று அளவும் பெயரளவில் ஒன்றுபோலத்தான் தோன்றும், அதனால் செல்போனில் கணக்குப் போட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், செலவைக் குறைக்க வந்தவர் கம்பெனி அளவையே போடுவது நல்லது. அகலம் கூடினால் விலை கூடும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் குறையும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில் அகல டயர் போட்டுவிட்டுச் சந்தில் பார்க்கிங் செய்ய அவதிப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த பிராண்ட், எந்த மாடல்

12, 13, 14 அங்குல டயர்களில் நமக்கு இருக்கும் பெரிய வசதி, உள்ளூரிலேயே தயாராவது. எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கூடமாகத் தொடங்கியது. இன்று அதற்கு அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் ஆலைகள் இருக்கின்றன. அப்போலோவுக்கு ஒரகடத்தில், ஜே.கே.வுக்கும் சியட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இவற்றோடு பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், யோகோஹாமா ஆகியவற்றுக்கும் இந்தியாவில் ஆலை உண்டு. பெயர் தெரியாத மலிவு இறக்குமதி டயர்கள் முன்பு நிறையக் கிடைத்தன, 2020 ஜூனில் அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு குறைந்துவிட்டன. அதற்காக வருத்தப்பட வேண்டாம். இந்தச் சின்ன அளவுகளில் தெரிந்த பிராண்டுகளுக்குள் விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் டயரில் இருந்தால் அடிப்படைத் தரம் உறுதி.

எனவே பிராண்டைவிட மாடலைப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் நீண்ட நாள் உழைப்பதற்கென்று ஒன்றும், பிடிப்புக்கும் சொகுசுக்கும் என்று ஒன்றும் வைத்திருக்கிறது. சியட்டில் மைலேஸ், அப்போலோவில் அமேசர் 4ஜி லைஃப், குட்இயரில் ட்யூராபிளஸ் இவை எல்லாம் உழைப்பு வகை. சியட்டின் செக்யூராடிரைவ், குட்இயரின் டிரிபிள்மேக்ஸ் போன்றவை ஈர ரோட்டுப் பிடிப்பையும் சொகுசையும் சொல்லி விற்கப்படுபவை. உழைப்பு வகையில் ரப்பர் கொஞ்சம் கடினமாக இருக்கும், கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும், மழையில் பிடிப்பு ஒரு படி குறையலாம்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? வருடத்துக்கு 6,000 ஓட்டுபவருக்கு 80,000 உழைக்கும் டயரால் என்ன பயன்? அது தேய்வதற்குள் வயதாகிவிடும். அவர் பிடிப்பு வகையை வாங்கி, நிம்மதியாக ஆறு வருடம் ஓட்டலாம். தினமும் 60, 70 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வருபவருக்கு உழைப்பு வகைதான் கட்டுப்படியாகும். சும்மா கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: 4,200 ரூபாய் டயர் 40,000 ஓடினால் கிலோமீட்டருக்கு 10.5 காசு, 4,800 ரூபாய் டயர் 50,000 ஓடினால் 9.6 காசு. விலை கூடிய டயர்தான் மலிவு. ஆனால் அந்த 50,000 கிலோமீட்டரை நீங்கள் ஆறு, ஏழு வருடத்துக்குள் ஓட்டி முடிப்பீர்களா என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம்.

மாருதி கார் வைத்திருப்பவர்களிடமும் டாக்சி ஓட்டும் அண்ணன்களிடமும் விசாரியுங்கள். உங்கள் ஊர் ரோட்டில், உங்கள் காரில், உங்கள் வெயிலில் ஓடிய டயரைப் பற்றி அவர்கள் சொல்வது எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்கது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், டாக்சி டயர் இரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும், வயதான டயர் எப்படி இருக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் வராது.

செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம்

பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். மொட்டையான டயரைச் சூடான கத்தியால் வெட்டிப் புதுப் பள்ளம் போட்டு, கறுப்புப் பாலிஷ் அடித்து அடுக்கி வைத்திருப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பள்ளம் ஆழமாகத் தெரியும், அடியில் கம்பிக்கு மேல் காகிதம் மாதிரி ரப்பர்தான் மிச்சம். அதை மாட்டிக்கொண்டு அக்னி நட்சத்திர வெயிலில் பைபாஸில் நாலு பேரோடு போவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வெட்டாத டயராகவே இருந்தாலும் அது விபத்து வண்டியிலிருந்து வந்ததா, காற்றில்லாமல் ஓடி உள்பக்கம் நொறுங்கியதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. லாரிகளுக்குச் செய்யும் ரீட்ரெடிங், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டுவது, வேறு விஷயம், அவற்றின் டயர்க்கூடு அதற்காகவே கட்டப்பட்டது. கார் டயருக்கு அது வேண்டாம்.

கையில் பணம் குறைவு என்றால் இரண்டு புது டயர் வாங்குங்கள், நான்கு பழைய டயர் வாங்காதீர்கள்.

இரண்டா, நான்கா?

நான்கும் ஒரேயடியாகத் தேய்ந்திருந்தால் நான்கு. பணம் இல்லையென்றால் ஒரே ஆக்சிலில், அதாவது முன்னால் இரண்டுமோ பின்னால் இரண்டுமோ, ஒரே மாடல் ஜோடியாக இரண்டு. ஒற்றை டயர் மட்டும் மாற்றுவது, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் மொட்டை என்று ஓடுவது, பிரேக் பிடிக்கும்போது வண்டியை ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டு வாங்கினால் எங்கே போடுவது? நம் ஊரில் எல்லாரும் முன்னால்தான் போடச் சொல்வார்கள், நம் சின்னக் கார்களில் இன்ஜின் இழுப்பதும் ஸ்டியரிங் திரும்புவதும் அங்கேதானே என்பார்கள். ஆனால் டயர் கம்பெனிகள் சொல்வது வேறு, புதுசு பின்னால் போக வேண்டும். காரணம் மழை. முன் டயர் பிடிப்பை விட்டால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் பிடிப்பை விட்டால் வண்டியின் பின்பக்கம் விசிறியடித்துச் சுழலும், சாதாரணமாக ஓட்டும் நம்மால் அதைத் திருப்பிப் பிடிக்கவே முடியாது. கடைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், ஆனாலும் பின்னால்தான் போடச் சொன்னேன். பின்னாலிருந்த நல்ல டயர்கள் முன்னால் போயின.

"ஸ்டெப்னியை எடுத்து மாட்டிக்கங்க, ஒரு டயர் காசு மிச்சம்" என்றும் சொல்வார்கள். ஸ்டெப்னியின் தேதியைப் பாருங்கள். பழைய காரில் அது பெரும்பாலும் கார் பிறந்தபோதே வந்ததாக இருக்கும், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் டிக்கியில் பன்னிரண்டு வருடம் கிடந்திருக்கும். அதைப் பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கழற்றுவதில் வயது குறைந்த, விரிசல் இல்லாத ஒன்று இருந்தால் அதை ஸ்டெப்னியாக்குங்கள்.

விலை கேட்பது

நேரில் போவதற்கு முன் மூன்று கடைக்காவது போன் செய்யுங்கள். "டயர் என்ன விலை" என்று மட்டும் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு விதமாகச் சொல்வார்கள், ஒப்பிட முடியாது. எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைக் கேளுங்கள்: "165/80 R14, இந்த மாடல், ஸ்டாக்கில் இருப்பது எந்த மாதம் தயாரித்தது, ஃபிட்டிங், பேலன்சிங், புது வால்வு, அலைன்மென்ட், ஜி.எஸ்.டி. பில் எல்லாம் சேர்த்து நான்குக்கு எவ்வளவு, பழசுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?" பேலன்சிங் என்பது சக்கரம் அதிராமல் சுற்ற ரிம்மில் சின்ன எடைகளை வைத்துச் சமன் செய்வது. ஆன்லைனில் வாங்கினாலும் ஃபிட்டிங் செலவைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, வரி நீங்கலாக 4,000 ரூபாய் இருந்த டயரில் 400 ரூபாய் குறைவு. பில் இல்லாவிட்டால் வாரன்டி இல்லை. பில்லில் ஒவ்வொரு டயரின் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு அது இவர்களிடம் வாங்கியது என்று நிரூபிக்க முடியாது. வாரன்டி பொதுவாகத் தயாரிப்புக் கோளாறுக்குத்தான், அதுவும் மிச்சமிருக்கும் பட்டனுக்கு ஏற்ற தொகைதான் கழித்துத் தருவார்கள்.

கடையில், கண் முன்னால்

என் முதல் ஜோடியை வாங்கியபோது டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மாட்டி முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றின் தேதி ஐந்து மாதம் முந்தையது, மற்றொன்று இரண்டரை வருடம் பழையது. மறுநாள் போனபோது ரோட்டில் ஓடிய டயரை மாற்றித் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால் டயரைக் குடோனிலிருந்து எடுத்து வந்ததும், மெஷினில் ஏற்றும் முன், ஒவ்வொன்றின் தேதியையும் நீங்களே படியுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் அருமை, ஒரு வருடம் வரை ஏற்கலாம். அதற்கு மேல் என்றால் வேறு கேளுங்கள், இல்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லாமல் வேறு கடைக்குப் போங்கள்.

டயரைக் கழற்றிய பிறகு ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். பழைய காரில் டயர் உட்காரும் இடம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும், அதன் வழியாகத்தான் காற்று கசியும். கம்பி பிரஷ் போட்டுச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். ரிம் நெளிந்திருந்தால் அப்போதே தட்டி எடுக்கச் சொல்லுங்கள். "கசியுது சார், உள்ளே ட்யூப் போட்டுடலாம்" என்பார் சிலர். டியூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டால் உரசிச் சூடாகும், பஞ்சர் ஆனால் மெதுவாக இறங்காமல் சட்டென்று காற்றுப் போய்விடும். ரிம் சரியாகாது என்றால் நல்ல நிலையில் உள்ள வேறு ரிம் வாங்குவது மேல்.

வால்வு நான்கும் புதுசாக இருக்கட்டும். ஒரு வால்வு சின்னக் காசுதான், பழைய ரப்பர் வால்வை விரலால் மடக்கிப் பார்த்தால் அடியில் வெடிப்பு தெரியும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் பேலன்சிங் வெயிட் குறைவாகத் தேவைப்படும். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும், அவுட்சைடு என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். பேலன்சிங் செய்யும்போது பழைய வெயிட்டை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் சக்கரத்தை மெஷினில் மாட்ட வேண்டும், கடைசியில் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று திரையைப் பாருங்கள். அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு, முன்பும் பின்பும் உள்ள அளவைப் பிரின்ட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், காசு கேட்டால் வேண்டாம். நாம் சாதாரணமாகப் பிடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

வெடித்த, வீங்கிய, கம்பி தெரியும் பழைய டயரைக் கடையில் விடுவதாக இருந்தால் பக்கச் சுவரில் கத்தியால் ஒரு நீளக் கீறல் போடச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அது பாலிஷ் பூசிக்கொண்டு இன்னொருவர் வண்டிக்குப் போய்ச் சேரும்.

மாட்டிய பிறகு

புது டயரின் மேல்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய வழுக்கல் கொஞ்சம் இருக்கும், முதல் 200, 300 கிலோமீட்டர் வேகத்தையும் திடீர் பிரேக்கையும் தவிருங்கள். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய வீல் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை கையால் சரிபாருங்கள். அப்போதே, ரோட்டோரத்தில் நம் வீல் ஸ்பேனரால் அந்த நட்டு கழலுமா என்றும் பாருங்கள். துவரங்குறிச்சியில் அந்த வெயிலில் ஒரு நட்டை ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துத்தான் கழற்ற முடிந்தது.

காற்று பதினைந்து நாளைக்கு ஒரு முறை, காலையில், டயர் சூடாவதற்கு முன். கதவுத் தூணில் இருக்கும் அளவுதான் கணக்கு, டயரின் பக்கச் சுவரில் இருப்பது அது தாங்கக்கூடிய அதிகபட்சம், அதை வைத்துப் பிடிக்கக் கூடாது. வெயில் காலத்தில் சூடாகி வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தலைகீழ். காற்று குறைந்தால்தான் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி விரிந்து சூடேறும், வெடிப்பது அதனால்தான். குடும்பத்தோடும் சாமானோடும் ஊருக்குப் போகும்போது முழுச் சுமைக்கென்று ஸ்டிக்கரில் தனியாக ஓர் அளவு இருக்கும், அதை வையுங்கள்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போடுங்கள், அலைன்மென்டையும் அப்போதே பார்த்துவிடலாம். காற்று பிடிக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் பிடிக்கச் சொல்லுங்கள், நாம் கேட்காவிட்டால் பங்க்கில் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.